எக்ஸ்எல்எஸ் மயக்கம்: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

தாம்பரம் பக்கத்தில் அடுக்ககச் சங்கப் பொருளாளராக இருந்த எவரும் அந்த மஞ்சள் முக்கோணத்தைப் பார்த்திருப்பார். வங்கித் தளத்திலிருந்து ஸ்டேட்மென்ட்டை டவுன்லோடு செய்து, அதன்மேல் இருமுறை தட்டியதும் அது எழும். கோப்பின் வடிவமும் பெயரின் கடைசியில் உள்ள எக்ஸ்எல்எஸும் ஒத்துப்போகவில்லை, கோப்பு பழுதாகவோ ஆபத்தாகவோ இருக்கலாம், திறக்கத்தான் வேண்டுமா என்று எக்ஸெல் கேட்கும். பொருளாளர் கண் இமைக்காமல் ‘யெஸ்’ கொடுப்பார். அந்த ‘யெஸ்’தான் இந்த ஆய்வின் பொருள்.

இதைச் சோம்பல் என்று சொல்வோர் உளர். வட்டார வரலாறு அறியாதார் கூற்று அது. சானடோரியம் பக்கத்தில் 1984-இல் மெட்ராஸ் ஏற்றுமதி மண்டலம் வந்தது. 1996-இல் மெட்ராஸ் சென்னையாயிற்று. 2003-இல் அந்த இடமே சிறப்புப் பொருளாதார மண்டலமாக மாறிற்று. பஸ் கண்டக்டருக்கு அது இன்றும் பழைய ஆங்கிலப் பெயரின் சுருக்கமான ‘மெப்ஸ்’தான். ரயில் நிலையத்துக்குப் பெயர் கொடுத்த சானடோரியமோ, டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை; இப்போது அது அரசு நெஞ்சக மருத்துவமனை. வெளியே ஒரு பெயர், உள்ளே வேறொரு பொருள் என்பது இந்த மண்ணில் அன்றாட நடப்பு. ஆகவே பொருளாளரின் ‘யெஸ்’ அறியாமை அன்று, பண்பாடு என்க.

இனி காரணம். வங்கியின் சர்வர் உண்மையில் எக்ஸெல் கோப்பைச் செய்வதில்லை. இணையப் பக்கத்தில் போடும் அட்டவணையை அப்படியே எழுதி, பிரவுசரிடம் ‘இது எக்ஸெல்’ என்று ஒரு வரி சொல்லி, எக்ஸ்எல்எஸ் என்று பெயரும் வைத்து அனுப்பிவிடுகிறது. பிரவுசர் சொன்னதை நம்பும் பிள்ளை. உள்ளே எட்டிப் பார்க்காது. எக்ஸெல்லுக்கு ஹெச்டிஎம்எல் அட்டவணையைப் படிக்கத் தெரியும் என்பதால் இந்தத் தந்திரம் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் ஓடியது. 2007 பதிப்பில்தான் எக்ஸெல் வாயைத் திறந்தது. சர்வர்காரர்கள் இன்னும் காதைத் திறக்கவில்லை.

தீர்வு குறித்து இரண்டு மரபுகள் உண்டு. முதலாவது பெயர்மாற்ற மரபு. எக்ஸ்எல்எஸ் என்பதன் பின்னால் ஓர் எக்ஸைச் சேர்த்தால் எல்லாம் சரியாகும் என்பது இவர்கள் துணிபு. சேர்த்ததும், அதுவரை எச்சரித்துவிட்டுத் திறந்த எக்ஸெல், இப்போது திறக்கவே மாட்டேன் என்று மறுக்கும். அதிலும் விண்டோஸ் வழக்கமாகப் பெயரின் கடைசித் துண்டை மறைத்து வைத்திருப்பதால், பலருக்குக் கிடைப்பது ‘ஸ்டேட்மென்ட்.எக்ஸ்எல்எஸ்எக்ஸ்.எக்ஸ்எல்எஸ்’ என்னும் இரட்டை வால் பிராணி.

இரண்டாவது ஜெராக்ஸ் கடை மரபு. ஸ்டேஷனையொட்டிய சந்துகளில் இது செழித்துள்ளது. “அங்கிள், பேர மாத்தாதீங்க. ஓப்பன் பண்ணி சேவ் ஆஸ் போடுங்க, அதுல எக்ஸெல் ஒர்க்புக் செலக்ட் பண்ணுங்க” என்பது இதன் மூல சூத்திரம். இருபது வார்த்தைகூட இல்லாத இந்தச் சூத்திரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சேவ் ஆஸ் செய்யும்போது உள்ளடக்கமே மாறுகிறது. பெயர் அதன்பின் தானாக வருகிறது.

ஐயம் தீராதோர் கோப்பை நோட்பேடில் திறந்து முதல் சில எழுத்துகளைப் பார்க்கலாம். கூரிய அடைப்புக்குறியும் ‘டேபிள்’ என்ற சொல்லும் தெரிந்தால் அது இணையப் பக்கம். கமா கமாவாக இருந்தால் சிஎஸ்வி. ‘பி’, ‘கே’ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கினால் அசல் எக்ஸ்எல்எஸ்எக்ஸ். அந்த வகைக் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸ் என்ற அமெரிக்கரின் இனிஷியல் அது. எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல வெட்டிவிட்டு, 2000-இல், 37 வயதில் அவர் போய்விட்டார். சேலையூர் அடுக்ககங்களின் பராமரிப்புக் கணக்கிலெல்லாம் அவர் பெயர் இருக்கிறது. சந்தா பாக்கி மட்டும் இல்லை.

சிஎஸ்வி விஷயம் தனி. அதை நேரடியாகத் தட்டித் திறந்தால் கணக்கு எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்கள் உதிரும். பதினாறு இலக்க எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகும். தமிழ்ப் பெயர்களின் கதி இன்னும் பரிதாபம். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். இது யூடிஎஃப்-8 என்று சொல்லும் அடையாளக் குறி கோப்பின் முன்னால் இல்லாவிட்டால் எக்ஸெல் அதை ஐரோப்பிய எழுத்தாகப் படித்து, ‘தாம்பரம்’ என்பதை 24 இடத்துக்கு நீட்டி, தலையில் கோடும் தொப்பியுமாக நிறுத்தும். டேட்டா பகுதிக்குப் போய், ஃப்ரம் டெக்ஸ்ட் வழியாக உள்ளே கொண்டுவந்து, எழுத்துமுறை யூடிஎஃப்-8 என்று தேர்ந்து, எண் பத்தியை டெக்ஸ்ட் என்று குறித்தால் இவை எதுவும் நேராது. பழைய வடிவத்தின் இடர் பொருளாளர்களுக்கு மட்டும் உரியதன்று: 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாத பழைய எக்ஸ்எல்எஸ்ஸை நம்பியதால், 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்கள் உரிய நேரத்தில் கணக்கில் ஏறாமல் போனார்கள்.

தேதிதான் ஆகக் கொடியது. சேலையூரில் ஓர் அடுக்ககம் இருப்பதாகக் கொள்வோம். ஏப்ரல் சந்தாவை அம்மாதம் 10-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், தவறினால் அபராதம். பொருளாளரின் கணினியோ அமெரிக்க அமைப்பில் வந்த புதுக் கணினி. 05/04 அன்று ஒழுங்காகக் கட்டியவரை அது மே 4-இல் கட்டியவராகக் காட்டும். 18/04 அன்று கட்டியவரின் தேதியில் பதினெட்டாவது மாதம் தேடி, கிடைக்காமல், அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஏப்ரல் 10-க்குப் பின் கட்டியவர்கள் யார் என்று ஃபில்டர் போட்டால் முன்னவர் சிக்குவார். பின்னவர் எந்தத் தேதியிலும் கட்டாதவராக நழுவிவிடுவார்.

அபராதப் பட்டியலை அங்கீகரிக்கும் பொதுக்குழு மொட்டை மாடியில் கூடியபோது, தலைமை தாங்கியவர் பதினெட்டாம் தேதி கட்டியவரே.