எட்டு டம்ளர் லட்சியம்

ஆம்பூர்ப் பையனொருவன் தன் ஆரோக்கிய லட்சியங்களைத் தானே நிர்ணயித்து நோட்டில் எழுதுவதினும் உத்தமமான வித்தை வேறுண்டோ? 10 முதல் 19 வயதுடையோரின் தேகநலத்துக்கென்று மத்திய சர்க்கார் 2014-இல் தனித் திட்டமே வகுத்தது. தினமும் காய்கறி என்ற விதியை, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் எண்ணெய்க் கத்தரிக்காயே பரிபூர்த்தி செய்துவிடுகிறது. எஞ்சியது 8 டம்ளர் தண்ணீர். பாலாற்றங்கரைக் கிணறுகளைத் தோல் ஷாப்புக் கழிவு கெடுத்ததென்று சுப்ரீம் கோர்ட்டு 1996-இலேயே தீர்ப்பெழுதியதைக் காட்டிக் குறைகூறுவோர், சோற்றுக்குத் தனியே உப்பிட வேண்டாத சௌகரியத்தைக் கண்டாரில்லை.

பையன் ஓரத்தில் பென்ஸிலால், ‘எந்த கிணற்றிலிருந்து, ஸார்?’ என்று கேட்டிருந்தான். வாத்தியார் சிவப்பு மையால் விடுபட்ட ‘க்’கன்னாவைச் சேர்த்துவிட்டு, மேஜையடியிலிருந்த கேன் தண்ணீரில் ஒரு டம்ளர் பிடித்து நிதானமாக அருந்தினார்.