ஓவர்கிளாக் செய்த பிராசஸரின் சூடு தணித்தல்: பங்காருபேட்டையைக் களமாகக் கொண்ட ஒரு தத்துவ விசாரணை

பாயிரம்

சூடு தணிக்கும் சாத்திரத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை. உடம்புச் சூட்டுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், கண் எரிச்சலுக்கு நந்தியாவட்டை, வயிற்றுச் சூட்டுக்கு வெந்தயம் என்று பெரியவர்கள் எதையும் விட்டுவைக்கவில்லை. ஓவர்கிளாக் செய்த கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்கள். அந்தக் குறை தீர எழுந்தது இந்நூல்.

களம் கர்நாடகத்தின் பங்காருபேட்டை. இவ்வூரைத் தேர்ந்ததற்குக் காரணம் இரண்டு. முதலாவது, ஊர் கடல்மட்டத்துக்கு 800 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சென்னையைவிட இங்கே காற்று ஏறத்தாழ எட்டு சதவீதம் மெல்லியது. அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிச் செல்லும் சூடு அவ்வளவுக்குக் குறைவு. இரண்டாவது, ஜங்ஷனில் கிளை ரயில் ஏறினால் கடைசி நிறுத்தம் மாரிகுப்பம். அங்கே தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அடியில் பாறையின் சூடு 65 டிகிரியைத் தாண்டியது. சூட்டைப் பற்றிப் பேச இந்த வட்டாரத்துக்கு உள்ள தகுதி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குக்கூடக் கிடையாது.

ஆய்வுப் பொருள், ஷீட் போட்ட மாடி அறையில் இருக்கும் ஒரு கறுப்பு கேபினட். உரிமையாளர் தினமும் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் இளைஞர். ஆய்வு அறம் கருதிப் பெயர் மறைக்கப்படுகிறது. அவருடைய தாத்தா சாம்பியன் ரீஃபில் அண்டர்கிரவுண்டில் இருந்தவர். கேம் ஓடும்போது பிராசஸர் 94 டிகிரி காட்டியது. இன்றைய பிராசஸர்கள் பலவும் 95 அல்லது 100 டிகிரியில் பயந்து தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆக, பேரன் கூட்டிய வேகத்தை மெஷினே கழித்துக்கொள்ளும் விளிம்பில் நின்றது நிலைமை.

நோய்முதல்

பிராசஸர் தின்னும் மின்சாரம் அதன் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு இருமடியாகவும் ஏறும். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டி, அது தள்ளாடாமல் நிற்க வோல்டேஜையும் பத்து சதவீதம் கூட்டினால், கிடைப்பது பத்து சதவீத வேகம்; கொடுப்பது 33 சதவீதக் கூடுதல் சூடு. கந்துவட்டிக்காரரும் கூச்சப்படும் கணக்கு இது.

பரபக்கம்

பிறர் மதங்களை முதலில் எடுத்துக்கூறி மறுப்பது சாத்திர மரபு.

களிம்பு மதத்தார் தெர்மல் பேஸ்ட்டே முதற்பொருள் என்பர். பட்டாணி அளவு ஒரு சொட்டு வைப்போர், நடுவில் ஒரு கோடு இழுப்போர், பெருக்கல் குறி போடுவோர் என இவர்களுக்குள் மூன்று கலை உண்டு. வடகலை தென்கலை நாமத் தகராறு இதன் முன் சிறு பிள்ளை. இவர்களை மறுக்குமாறு: ஒரே அலகில் அளந்தால் செம்பின் வெப்பக் கடத்துதிறன் 400 என்றால், நல்ல பேஸ்ட்டுக்கே பத்தைச் சுற்றித்தான், காற்றுக்கு 0.026. பிராசஸர் மூடிக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே உள்ள நுண்ணிய பள்ளங்களில் காற்று குந்திக்கொள்ளாமல் விரட்டுவது மட்டுமே பேஸ்ட்டின் வேலை. பள்ளம் நிறைந்தபின் பூசும் ஒவ்வொரு துளியும் தடையே. ஹீட்சிங்கை வைத்து இறுக்கியதும் சொட்டும் கோடும் பெருக்கல் குறியும் நசுங்கி ஒரே படலமாகிவிடுவதால், மூன்று கலைக்கும் மோட்சம் ஒன்றே.

கதவுதிறப்பு மதத்தார் கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி, எதிரே டேபிள் ஃபேனை வைப்பர். முதல் வாரம் இவர்கள் பக்கம் வெற்றி. ஆனால் தங்கவயலைச் சுற்றித் தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய மணல், சயனைடு மேடு என்ற பெயரில் மூன்று கோடி டன்னுக்கு மேல் குன்று குன்றாகக் கிடக்கிறது. கோடைக் காற்றில் அந்த மாவுத் தூசி புகாத வீடு அங்குள்ள ஆண்டர்சன்பேட்டையில் இல்லை. கதவு திறந்த கேபினட்டை அது தனக்கு வைத்த வரவேற்பு வளைவு என்றே எடுத்துக்கொள்ளும்.

நீர் மதத்தார் ஏஐஓ எனும் தண்ணீர்க் குளிரூட்டி வாங்குவர். நிறமே இல்லாத தண்ணீரில் பானிபூரி போட்டுப் பேர் வாங்கிய ஊர் என்பதால், தெளிந்த திரவத்தின்மேல் பங்காருபேட்டைக்கு இயல்பாகவே நம்பிக்கை அதிகம். ஆயினும் தண்ணீர் சூட்டை விழுங்குவதில்லை. சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்குகிறது. அங்கிருந்து அதை எடுத்துப்போவது மறுபடியும் ஃபேனும் அறைக் காற்றும்தான். அறை பத்து டிகிரி ஏறினால் பிராசஸரும் ஏறத்தாழ பத்து டிகிரி ஏறும். ஷீட் கூரைக்கு அடியில் ஏப்ரல் மாதம் எந்த ஏஐஓ-வும் அடக்கமாகவே பேசும்.

ஹீலியம் மதத்தார் சிலரே. 2023 அக்டோபரில் இன்டெல் 14900கேஎஃப் பிராசஸரைத் திரவ ஹீலியத்தில் குளிரவைத்து 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டினார்கள். ஹீலியம் கொதிப்பது மைனஸ் 269 டிகிரியில். கொரியர்க்காரர் கொண்டுவந்து தரும் பொருள் அன்று ஆகையால், இம்மதம் மறுக்கப்படாமலே தள்ளுபடி ஆகிறது.

சுபக்கம்

நம் மதம் சுரங்க மதம். தங்கவயலுக்குக் காவிரியின் சிவசமுத்திரத்து மின்சாரம் 1902-லேயே வந்தது. பெங்களூரில் விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்து. அத்தனை மின்சாரம் இருந்தும் ஆழத்துக்குக் காற்று அனுப்புவது பெரும்பாடு. ஷாஃப்டில் இறங்கும் காற்று தன் எடையாலேயே அழுந்தி, உலர்ந்ததாக இருந்தால் கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி அளவில் சூடேறும். பாறையைத் தொடும் முன்பே வழியிலேயே வெந்துபோகிற காற்று அது. ஆகவே மேலேயே குளிர்பதன நிலையம் வைத்துக் காற்றைக் குளிரச் செய்து, ஒரு ஷாஃப்டில் இறக்கி, வேலை நடக்கும் இடங்களைச் சுற்றவிட்டு, வேறொரு ஷாஃப்டில் ஏற்றி வெளியேற்றினார்கள். ஏறும் வழி அடைத்தால் இறங்கும் வழி எவ்வளவு பெரிதானாலும் வீண்.

இந்தத் தத்துவம் மாடி அறையில் நிரூபணம் ஆனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேரன் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய புது ஃபேனை, மாலைப் பாசஞ்சரில் மடியில் வைத்துக் கொண்டுவந்து பின்பக்கம் மாட்டியிருந்தான். சூடு ஒரு டிகிரிகூட இறங்கவில்லை. தாத்தா படியேறி வந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

“காத்து உள்ள போவுதுன்ற, சரி. வெளிய எந்தப் பக்கம்டா போவுது?”

“பின்னாடிதான் தாத்தா.”

“ஊதுபத்தி இருந்தா கொளுத்தி எடுத்தா.”

முன்பக்கம் காட்டினார்; புகை உள்ளே போயிற்று. பின்பக்கம் காட்டினார், அங்கும் உள்ளேயே போயிற்று. ஃபேன் திருப்பி மாட்டப்பட்டிருந்தது. மோட்டாரைத் தாங்கும் பிளாஸ்டிக் கம்பிகள் எந்தப் பக்கமோ, காற்று வெளியேறுவது அந்தப் பக்கம். அந்தப் பக்கம் கேபினட்டின் உட்புறம் பார்த்து இருந்தது. கூடவே ஹீட்சிங்கைக் கழற்றியபோது, தகடுகளுக்கு நடுவே தூசி பழைய கம்பளித் துண்டுபோல் ஒரே விரிப்பாக உரிந்து வந்தது. பிராசஸர்மேல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, ஃபேன் இறக்கையை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு ப்ளோயர் அடித்தார்கள். பிடிக்காவிட்டால் அது தாறுமாறாகச் சுழன்று பேரிங் போய்விடும்.

அடுத்தது வோல்டேஜ். பிராசஸர் கம்பெனிகள் தங்கள் உற்பத்தியில் மிகச் சோம்பேறியான சில்லுக்கும் போதும்படி வோல்டேஜை நிர்ணயித்து அனுப்புகின்றன. நல்ல சில்லுக்கு அதில் ஒரு பகுதி தானம். பயாஸில் ஒவ்வொரு படியாகக் குறைத்து, மெஷின் தடுமாறும் இடத்திலிருந்து ஒரு படி மேலே வந்து நிறுத்தினால் போதும். வேகம் மாறாமல் வோல்டேஜ் பத்து சதவீதம் இறங்கினால் சூடு 19 சதவீதம் இறங்கும். காசு செலவில்லாத இந்த வழியைக் கடைக்காரர் எவரும் சொல்லாததன் காரணம் ஆய்வுக்கு அப்பாற்பட்டது.

தடையும் விடையும்

இரவு 80-ஐ ஒட்டி நின்றது மீட்டர். ஆய்வு சுபமாக முடிந்தது என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு தடை எழுகிறது. மறுநாள் மீட்டர் மறுபடி 94 காட்டியது. காரணம் கேட்டபோது பேரன், “இப்பதான் இடம் இருக்கே, இன்னும் கொஞ்சம் ஏத்திட்டேன்” என்றான்.

இதை அவன் குற்றமாகக் கொள்வது பொருந்தாது. சாம்பியன் ரீஃபிலும் காற்று குளிர்ந்தபோது யாரும் நிம்மதியாக உட்காரவில்லை. இன்னும் கீழே தோண்டினார்கள். கீழே போனால் மறுபடி சூடு, மறுபடி குளிர்காற்று. ஆகவே, எந்தக் குளிரூட்டியும் சூட்டைக் குறைப்பதற்காக வாங்கப்படுவதில்லை. மேற்கொண்டு சூடேற்ற அனுமதி வாங்குவதற்காகவே வாங்கப்படுகிறது. இதுவே இந்நூலின் சித்தாந்தம்.

அப்படியானால் ஓவர்கிளாக் எங்கே நிற்கும் என்பது கடைசி வினா. சூடு நிறுத்தாது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டதும் சூட்டால் அல்ல. தோண்டும் செலவு கிடைக்கும் தங்கத்தைவிட அதிகமானதால். கேபினட் 300 வாட் இழுத்து தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் மாதம் 45 யூனிட். கர்நாடகத்தின் கிருஹ ஜோதித் திட்டத்தில் வீட்டு மின்சாரம் 200 யூனிட்டைத் தாண்டினால் இலவசம் போய் முழு பில்லும் தலையில் விழும். மீட்டர் பெட்டியை வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்கும் அந்த வீட்டு அம்மா, 190 யூனிட் ஆனதும் மாடியைப் பார்த்து ஒரு குரல் கொடுக்கிறார். பிராசஸர் உடனே குளிர்ந்துவிடுகிறது.