எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு எண்

எங்கள் வீட்டு நிலைக்கு மேலே இரண்டு கதவு எண்கள் இருக்கின்றன. கறுப்புப் பெயிண்டில் கையால் எழுதியது ஊராட்சி கொடுத்தது. பக்கத்தில் தகரத்தில் ஆணி அடித்திருப்பது மாநகராட்சி கொடுத்தது. வெள்ளையடிக்க வருகிறவர் ஒவ்வொரு முறையும் பழைய எண்ணை அழித்துவிடட்டுமா என்று கேட்பார். வேண்டாம் என்பேன். 2004-ல் நாங்கள் மதுரைக்குள்ளிருந்து கிளம்பித் திருப்பாலைக்குக் குடிவந்ததே அந்தக் கறுப்பு எண்ணுக்காகத்தான்.

அதற்கு முன் மஞ்சணக்காரத் தெருவில் ஒரு வளவு வீட்டில் இருந்தோம். ஆறு குடித்தனம், ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் மாநகராட்சியிலிருந்து வரித் தாள் வந்தால் நேராக முற்றத்துக்கு வந்து நின்றுவிடுவார். "வரியை ஏத்திட்டாங்க, நான் என்ன பண்றது?" என்பார். அடுத்த மாதம் வாடகை கூடும். வரி என்ற சொல்லே அப்பாவுக்கு அப்படித்தான் அறிமுகம். நாம் கட்டாத வரி, ஆனால் நம் சட்டைப் பையிலிருந்து போகிற வரி. சொந்த வீடு வாங்கினால் வரி இல்லாத இடமாக வாங்க வேண்டும் என்பது அவர் மனதில் அப்போதே விழுந்துவிட்டது.

அப்பா கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு எழுதினார். வளவிலிருந்து நடந்தால் கால் மணி நேரம். மதியம் ஒரு மணிக்குக் கடை ஷட்டர் பாதி இறங்கும். ஒன்றேகாலுக்கு அப்பா வாசலில் செருப்பைக் கழற்றுவார். குழாயடியில் காலைக் கழுவி, ஈரக் காலோடு உள்ளே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். பள்ளிக்கூடமும் பக்கம்தான். நானும் அந்த நேரத்துக்கு வந்துவிடுவேன். ரசம் ஊற்றும்போது ஒரு வாய்ப்பாடு கேட்பார். தப்பாகச் சொன்னால் மோர் வருவதற்குள் திருத்திச் சொல்ல வேண்டும். பிறகு திண்ணையில் துண்டை விரித்து இருபது நிமிடத் தூக்கம். யாரும் எழுப்பாமலே எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். பத்து வருடம் தினமும் மதியம் அப்பாவோடு சாப்பிட்டேன். அது பெரிய வசதி என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

மதுரையே நடப்பதற்குக் கட்டிய ஊர். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கச் சொன்னபோது, வேலை செய்தவர்களுக்கு அங்கேயே இடம் கிடைத்தது. வெளி வீதிகள் அப்படி உண்டானவைதான். வெளி வீதி என்று பெயர் வைத்ததைப் பார்த்தால், ஊருக்கு வெளியே என்றால் அன்றைக்கு எவ்வளவு தூரம் என்று புரிகிறது. கோபுரத்திலிருந்து பத்து நிமிட நடை. வைகையைத் தாண்டிப் போகிறவர்களுக்கு டி.வி.எஸ். டவுன் பஸ் இருந்தது. அந்த பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தலாம் என்று அம்மா சொல்வாள். எழுபதுகளின் தொடக்கத்தில் அது அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகமானது.

நான் தெற்குமாசி வீதியில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, பெண் பிறந்த பிறகு வீடு பார்க்க ஆரம்பித்தோம். எங்கள் கைக்கு எட்டியவை இரண்டே இரண்டு. ஒன்று பொன்னகரத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. ஒரு செண்ட்தான், காற்று வராது, ஆனால் சைக்கிளில் பத்து நிமிடத்தில் கடைக்குப் போய்விடலாம். இன்னொன்று திருப்பாலையில் மூன்று செண்ட் மனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தரகர் எங்களைக் காரில் அழைத்துப் போனார். நத்தம் ரோடு காலியாகக் கிடந்தது. இருபது நிமிடத்தில் போய் இறங்கினோம். வேப்பமரம், கிணறு, தூரத்தில் அழகர்மலை. "பஞ்சாயத்து ஏரியா சார். வருசத்துக்கு ஒருவாட்டி வீட்டு வரி, முந்நூறு ரூவா தாண்டாது. கார்ப்பரேசன்ல அரையாண்டுக்கு ஒருதரம் கட்டணும். தண்ணிக்குத் தனி, சாக்கடைக்குத் தனி" என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே முடிவாகிவிட்டது.

வரி மிச்சம் என்று அப்பா சொன்னது பொய்யில்லை. ஏழு வருடம் மிச்சம்தான். ஆனால் திங்கட்கிழமை நத்தம் ரோடு ஞாயிற்றுக்கிழமை நத்தம் ரோடு இல்லை. அய்யர் பங்களா, ரிசர்வ் லைன், தல்லாகுளம் தாண்டிக் கோரிப்பாளையத்தில் நின்று, ஏ.வி. மேம்பாலம் ஏறி இறங்கி, சிம்மக்கல்லில் மறுபடி நின்று, கடைக்குள் நுழையும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். ஏ.வி. பாலம் 1889-ல் திறந்தது, மாட்டுவண்டிக் காலத்துப் பாலம். வடகரையில் வீடு கட்டிய நாங்கள் அத்தனை பேரும் ஆற்றைத் தாண்டித்தான் பிழைக்க வேண்டும். மதியம் வீட்டுக்கு வருவது என்ற பேச்சே இல்லை. டிபன் கேரியரைத் துணிக்கட்டுகளுக்கு நடுவில் திறந்து சாப்பிடப் பழகினேன். என் மகளுக்கு நான் வாய்ப்பாடு கேட்டதே இல்லை. ராத்திரி நான் வரும்போது அவள் தூங்கியிருப்பாள்.

பிறகு மாநகராட்சி எங்களைத் தேடி வந்தது. 2011-ல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம், திருநகர், வண்டியூர், திருப்பாலை எல்லாம் மதுரைக்குள் சேர்ந்தன. 51.82 சதுர கிலோமீட்டராக இருந்த ஊர் 147.99 ஆனது, 72 வார்டு 100 ஆனது. தகரத்தை ஆணியடிக்க ஒருவர் வந்தார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் அடித்து முடிக்கும் வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரி அரையாண்டுக்கு மாறியது. 2018-ல் ஏற்றினார்கள், அடுத்த ஆண்டே நிறுத்திவைத்தார்கள். 2022 ஏப்ரலில் மறுபடி ஏற்றினார்கள். எங்கள் மாநகராட்சியில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100. எங்கள் வீடு 850 சதுர அடி. 640 ரூபாயாக இருந்த அரையாண்டு வரி 960 ஆனது. ஆண்டுதோறும் உயர்த்தலாம் என்ற விதியும் கூடவே வந்தது. தெருவே கொதித்தது. நானும் கொதித்தேன்.

அன்று ராத்திரி என் மகள் நோட்டும் பேனாவுமாக என் எதிரில் உட்கார்ந்தாள். பி.காம். படித்தவள். "அப்பா, டவுன்ல இதே அளவு வீட்டுக்கு என்ன வரி வரும்?" அரையாண்டுக்கு ஆயிரத்து ஐநூறு என்று பழைய தெருவிலிருந்து கேட்டு வைத்திருந்தேன். "அப்ப வருசத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் மிச்சம். சரி, நீங்க தினம் எத்தனை கிலோமீட்டர் போறீங்க?" போக வர பதினெட்டு. மாதம் 25 நாள், 450 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 45 தரும். பத்து லிட்டர். பெட்ரோல் நூறைத் தாண்டிவிட்டது. மாதம் ஆயிரத்துக்கு மேல், வருடத்துக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். டயர், ஆயில், கிளட்ச் எதையும் அவள் சேர்க்கவில்லை.

அடுத்த பக்கத்தில் நேரத்தை எழுதினாள். போக வர ஒன்றேகால் மணி நேரம். 300 நாளுக்கு 375 மணி நேரம். இரவும் பகலுமாகக் கணக்கிட்டால் வருடத்துக்குப் பதினைந்து நாளுக்கு மேல் ரோட்டில். பதினெட்டு வருடத்துக்கு ஒன்பது மாதம். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "ஒரு புள்ளையச் சுமந்து பெக்குற காலம்ங்க" என்றாள். வரி ரசீதுகளை அப்பா ஒரு மஞ்சள் பையில் வருட வாரியாகக் கட்டி வைத்திருந்தார். இந்தச் செலவுக்கு எங்கள் வீட்டில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அப்பாவை நான் குறை சொல்லவில்லை. டவுனுக்குள் மூன்று செண்ட் வாங்க எங்கள் வம்சத்துக்கே வசதி கிடையாது. சொந்தக் கிணறு, சொந்த வேப்பமரம், கதவைச் சாத்திக்கொள்ள ஒரு கக்கூஸ், இதெல்லாம் அம்மாவுக்குத் திருப்பாலையில்தான் கிடைத்தது. ஆனால் பொன்னகரம் வேண்டாம் என்றதற்கு நாங்கள் சொன்ன காரணம் வரி. அந்தக் காரணம் தப்பு. வரி நம்மைத் தேடி வந்துவிடும். கடை நம் வீட்டுப் பக்கம் நகர்ந்து வராது.

2023-ல் நத்தம் ரோட்டில் 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலம் திறந்தார்கள். அதைக் கட்டிய வருடங்களில் தூசியும் தடுப்பும்தான் எங்கள் வழி. 2021 ஆகஸ்ட் 28 மாலை ஒரு பகுதி சரிந்து விழுந்ததில், எங்கிருந்தோ பிழைக்க வந்த ஒரு தொழிலாளி இறந்துபோனார். நாங்கள் பத்து நிமிடம் முந்திப் போக ஒரு உயிர் போயிருக்கிறது. அந்தப் பாலத்தில் வண்டி ஓட்டும்போது அதை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

2025 தொடக்கத்தில் இன்னும் பல ஊராட்சிகளை நகரங்களோடு சேர்க்கப்போவதாக அறிவிப்பு வந்தபோது, மதுரையைச் சுற்றியும் ஜனங்கள் எதிர்த்தார்கள். ஊராட்சி போனால் நூறு நாள் வேலை போகும், வரி மட்டும் ஏறும் என்றார்கள். அவர்கள் பயம் நியாயமானது. சேர்க்கிறவர்கள் முதலில் காலை ஏழரைக்கும் எட்டுக்கும் எட்டரைக்கும் பஸ் விடட்டும். 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. என் மனைவிக்கு அது பெரிய உதவி. ஆனால் பஸ் வந்தால்தானே ஏற முடியும்? தகரத்தில் எண் அடிக்க ஒரே நாள் போதும் என்றால், பஸ்ஸுக்கு ஏன் வருடங்கள் ஆக வேண்டும்?

போன வருடம் மகளும் மாப்பிள்ளையும் வீடு தேடினார்கள். இருவருக்கும் வேலை டவுனில். ஊமச்சிகுளம் தாண்டி ஒரு மனை, எல்லீஸ் நகரில் ஒரு பழைய 620 சதுர அடி ஃபிளாட். தரகர் அவர்களிடமும் "வரி கம்மி" என்றுதான் ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரோடு வருகிறேன் என்றார். வர வேண்டாம் என்று சொல்லி, மகள் ஒரு திங்கட்கிழமை மாப்பிள்ளையோடு ஊமச்சிகுளத்துக்குப் போய், எட்டரை மணிக்கு அங்கிருந்து வேலைக்குப் புறப்பட்டுப் பார்த்தாள். எல்லீஸ் நகர் ஃபிளாட்டை வாங்கிவிட்டார்கள். மாப்பிள்ளை மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறார்.

மனை பார்க்கப் போகிறவர்களே, தரகர் கூப்பிடுகிற ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வேலை நாளில், வேலைக்குப் போகிற நேரத்தில், உங்கள் வண்டியிலோ டவுன் பஸ்ஸிலோ ஒரு தடவை போய் வந்துவிட்டு, அதற்குப் பிறகு வரியைக் கேளுங்கள்.