அம்பாசிடர் அகத்திணை: கோளாறும் மேம்பாடும் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

குடும்பக் கார் என்பது யாது? நான்கு கதவு, பின்னால் தனி டிக்கி, ஐந்து பேர் உட்கார இடம், அதில் எட்டுப் பேர் என்று விடை கூறுவர் ஒரு சாரார். அது உருவ இலக்கணம் மட்டுமே. ஒரு காரில் ஏறியே இராத உறவினருக்கும் அதன் கோளாறு பற்றித் தெளிவான கருத்து உண்டெனில், அதுவே குடும்பக் கார். இவ்வாய்வு இந்த வரையறையையே கைக்கொள்கிறது.

மூலபாடமாக அம்பாசிடர் எடுத்துக்கொள்ளப்பட்டது. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை இது வெளிவந்துகொண்டே இருந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 இதன் மூல ஏடு. 1960களில் மார்க் 2, 1975இல் மார்க் 3, 1979இல் மார்க் 4 என்று பதிப்புகள் பல வந்தன. பாடபேதம் பெரும்பாலும் முன்பக்கக் கிரில்லில்தான். கம்பெனி கிரில்லோடு நிறுத்திக்கொண்டதால் எஞ்சிய திருத்தங்களைச் செய்யும் பொறுப்பு உரையாசிரியர்களாகிய உரிமையாளர்களிடம் வந்து சேர்ந்தது.

அரசு வண்டிகளும் டாக்சிகளும் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டவை. அவற்றின் கோளாறு வேறொருவர் செலவு. ஆதலின் அதில் மெய்ப்பாடு தோன்றாது.

2. கருதுகோள்

கோளாறு அழிவதில்லை, இடம் மாறுகிறது. அதை இடம் மாற்றக் கொடுக்கும் கூலிக்கு மேம்பாடு என்று பெயர்.

எளிய சான்று ஒன்று. பழைய வண்டிகளில் டைனமோ இருந்தது. சிக்னலில் எஞ்சின் ஐடிலில் ஓடும்போது அது போதிய கரண்ட் தராது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும், ஹெட்லைட் மஞ்சளாகிச் சோரும். உரிமையாளர் டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டுகிறார். சிவப்பு விளக்கு அணைந்தது. கோளாறு தீர்ந்தது என்பர் நுனிப்புல் மேய்வோர். கரண்ட் தாராளமாக வந்ததும் ஆசையும் வந்தது. ஹாலஜன் பல்பு, ஏர் ஹாரன், கேசட் பிளேயர், பின்சீட்டுக்கு மேலே கோழிக்கூடு அளவில் இரண்டு ஸ்பீக்கர். ஒயரும் சுவிட்சும் மட்டும் பழசு. ரிலே வைக்காமல் நேரே இழுத்த ஹெட்லைட் சுவிட்ச் சூடேறி, திண்டிவனம் தாண்டும்போது டாஷ்போர்டுக்குள்ளிருந்து கருகல் வாடை வரும். பானட்டுக்கு அடியில் குடியிருந்த கோளாறு இப்போது ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே குடிவந்துவிட்டது. வீடுதான் மாறியது; வாடகைதாரர் அவரே.

3. ஆய்வு முறை

கோளாறுகளை எஞ்சின், கியர், பிரேக் என்று உறுப்புவாரியாகப் பிரிப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். அது ரசீது எழுதத்தான் உதவும். நிலமும் பொழுதும் உரிப்பொருளும் கொண்டு ஐந்திணையாகப் பகுப்பதே தமிழ் மரபு. தலைவன் உரிமையாளர். தலைவி வண்டி. தோழி மெக்கானிக். செவிலி, டிரைவிங் தெரியாமலே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கும் மாமனார். அகத்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டலாகாது என்பது விதியாகலின் எந்த மெக்கானிக்கின் பெயரும் இங்கு தரப்படவில்லை.

4. குறிஞ்சி: கூடல்

நிலம்: வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளும் கொல்லிமலையின் 70ம். பொழுது: யாமம்.

1,489 சிசி பெட்ரோல் எஞ்சின், ஏறக்குறைய 50 குதிரைத்திறன், ஆள் நிறைந்த வண்டி. ஆழியாறு தாண்டி ஏற ஏற ரேடியேட்டர் கொதிக்கிறது. பெட்ரோல் முள் இறங்குகிறது. ஊர் திரும்பியதும் தோழி கூற்று நிகழ்கிறது: "பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாது சார். மட்டடோர் வேன் டீசல் எஞ்சின் ஒண்ணு நல்ல கண்டிஷன்ல வந்திருக்கு. போட்டுட்டா அப்புறம் பானட்டையே திறக்க வேண்டாம்."

எங்கோ ஓடிய வேனின் எஞ்சினும் உத்தரபாராவில் பிறந்த பாடியும் இவ்வாறு ஊழ்வலியால் கூடுகின்றன. இது களவு. வீட்டில் "சின்ன சர்வீஸ்தான்" என்று சொல்லப்படும். ஆயின் டீசல் எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது எழும் படபடப்பு தெரு முழுக்கக் கேட்கும். இதனைப் பொருளிலக்கணம் அலர் என்னும். களவு கற்பாக வேண்டுமெனில், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி அனுமதி பெற்று, மாற்றத்தை ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். எஃப்.சி.க்கு நிற்கும் நாளில் எஞ்சின் நம்பரும் புத்தகமும் ஒத்துப்போகாதபோது பல தலைவர்கள் கற்பொழுக்கத்தின் சிறப்பை உணர்ந்தனர்.

இனிக் கோளாறு நகரும் வழியைக் காண்க. டீசல் எஞ்சின் கனம். முன்சக்கரங்களைத் தாங்கும் டார்ஷன் பார் அந்தக் கனத்துக்குச் செய்ததன்று, மூக்கு தாழ்கிறது. பாரை முறுக்கி உயர்த்தினால் குழிக்குக் குழி முதுகெலும்பு பேசுகிறது. அதிர்வில் சைலன்சர் கிளாம்ப் அறுகிறது. வண்டியை நிறுத்தப் பிரேக்குக்குப் பூஸ்டர் தேவைப்படுகிறது. அடுத்தது கியர். அம்பாசிடருக்கு ஸ்டீயரிங்கை ஒட்டிய ஹேண்ட் கியர். வேன் எஞ்சினோடு வந்த கியர் பாக்ஸுக்கோ தரையில் முளைக்கும் கம்பி. அந்தக் கம்பி முன்பக்க நீள சீட்டின் நட்ட நடுவே, மூன்றாவது ஆள் கால் வைக்கும் இடத்தில் எழுந்து நிற்கிறது. ஆகவே நீள சீட்டைக் கழற்றி இரண்டு தனி சீட்டு போடப்பட்டது.

முன்னால் மூவர் அமர்ந்த இடத்தில் இப்போது இருவர். அடுத்த மாதம் குலதெய்வம் கோயிலில் குழந்தைக்குக் காதுகுத்து. எல்லாரும் ஏறியபின் இடமில்லாமல் நின்றவர் தாய்மாமன். யார் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டுமோ அவரே டவுன் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். எஞ்சின் சூட்டில் புறப்பட்ட கோளாறு டார்ஷன் பார், பிரேக், கியர், சீட்டு வழியே பயணம் செய்து மைத்துனர் முகத்தில் போய் நின்றது. அதற்கு ஸ்பேர் எந்தக் கடையிலும் கிடையாது.

இதே மேம்பாட்டைக் கம்பெனியும் பின்னர் செய்தது. 1990களின் தொடக்கத்தில் இசுசுவின் 1,817 சிசி எஞ்சினும் ஐந்து கியரும் தரையில் கியர் கம்பியுமாக ஒரு அம்பாசிடர் வந்தது. கம்பெனி பொருத்தினால் அது கற்பு. பதிவுச் சிக்கல் இல்லை. தாய்மாமன் நிலையில் மாற்றமில்லை.

5. முல்லை: இருத்தல்

பெரும்பொழுது: கார். சிறுபொழுது: மாலை.

மழை நீர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் கசிந்தால் ஸ்பார்க் ஓட வேண்டிய வழியில் ஓடாது. மூடியைக் கழற்றித் துணியால் துடைத்தால் போதும். ஆயினும் வண்டி ஒர்க் ஷாப்புக்குப் போகும்; தோழி "சாயந்தரம் வாங்க சார்" என்பார். எந்தச் சாயந்தரம் என்று கேட்பது மரபன்று.

தலைவன் மாலையில் சென்று காத்திருக்கிறான். உட்கார இடம் உண்டு. ஒர்க் ஷாப்பின் வேப்பமரத்தடியில், இரண்டு டயர் ரிம்மின் மேல் கிடத்திய நீள சீட்டு. சிவப்பு ரெக்சின், ஓரத்தில் பிளேடு கிழிசல், கிழிசல் வழியே எட்டிப்பார்க்கும் தேங்காய் நார். அந்தக் கிழிசலை அவனுக்குத் தெரியும். தன் மூத்த மகன் பென்சில் சீவிய இடம். தாய்மாமன் உட்கார வேண்டிய சீட்டில் இப்போது தானே அமர்ந்து, "புதுப்பேட்டைக்குப் பையனை அனுப்பியிருக்கேன், வந்துக்கிட்டே இருக்கான்" என்ற தேறுதல் மொழியைக் கேட்கிறான். மேம்பாட்டின் எச்சங்கள் அழிவதில்லை என்பதும் இவ்வியலால் பெறப்படும்.

6. மருதம்: ஊடல்

பொழுது: வைகறை. வீடே குளித்துத் தலைவாரி, டிபன் கேரியரோடு வண்டியில் அமர்ந்திருக்கும் வேளை.

சோக்கை இழுத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகவும் காற்று குறைவாகவும் போகும்; குளிர்ந்த எஞ்சின் அதில் கிளம்பும். பதற்றத்தில் சோக்கை இழுத்தபடியே செல்ஃப் அடித்துக்கொண்டிருந்தால் பிளக் பெட்ரோலில் நனைந்துவிடும். பிறகு எவ்வளவு அடித்தாலும் பேட்டரிதான் இறங்கும். இரண்டாம் கியரில் போட்டுத் தள்ள வேண்டும். பட்டுப்புடவை தள்ளாது, மாமனார் தள்ளமாட்டார், சொல்வார்.

பரத்தையின் வரவு இவ்வேளையில் நிகழும். எதிர்வீட்டு மாருதி 800 ஒரே சாவித் திருப்பலில் கிளம்பிப் போகிறது. அந்தக் கார் 1983 டிசம்பரில் நாட்டுக்கு வந்தது முதல் எதிர்வீட்டில்தான் இருக்கிறது என்பது இல்லத்தரசியர் பலரின் துணிபு. "அப்பவே சொன்னேன், கேட்டீங்களா?" என்று பின்சீட்டிலிருந்து எழும் குரலுக்கு விடையாகத் தலைவன் எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்ட முடிவெடுக்கிறான். பாயிண்ட் தேய்வது அத்தோடு நின்றது. முன்பெல்லாம் வண்டி நின்றால் பாயிண்டை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து வீடு வந்து சேரலாம். இப்போது கறுப்பு டப்பா ஒன்று செத்தால் தேய்க்க எதுவுமில்லை. சிறு கோளாறுகள் பல சேர்ந்து பெருங்கோளாறு ஒன்றாயின.

7. நெய்தல்: இரங்கல்

நிலம்: தூத்துக்குடி, நாகப்பட்டினம், கடற்கரையை ஒட்டி வீடு கட்டியோர் எல்லாரும். பொழுது: எற்பாடு.

அம்பாசிடருக்குத் தனிச் சட்டகம் இல்லை. தரைத்தகடும் ஓரத்தகடும் உடலுமே சேர்ந்து பாரம் தாங்கும். உப்புக்காற்று தின்பது அந்தத் தரைத்தகட்டைத்தான். இங்கு செய்யும் மேம்பாடு, அழகான கார்ப்பெட். மழைநீர் அதில் ஊறி, தகட்டை ஒட்டியபடியே வாரக்கணக்கில் ஈரமாய்க் கிடக்கும். துருவை முழுக்கச் சுரண்டாமல் அடியில் கறுப்புப் பூச்சு அடித்தாலும் இதே கதை. ஈரம் உள்ளே சிறைப்படும். ஒருநாள் சில்லறை விழுந்ததைத் தேடிக் கார்ப்பெட்டைத் தூக்கினால் ரோடு தெரியும். டிங்கர் வந்து தட்டிப் பார்ப்பார். டங் என்றால் தகடு. தொப் என்றால் பட்டி. இரு ஒலிகளுக்கும் இடையில்தான் இரங்கல் பிறக்கிறது.

8. பாலை: பிரிவு

பொழுது: வேனில் நண்பகல். பாலைக்குத் தனி நிலமில்லை. உளுந்தூர்ப்பேட்டைக்கு முன்போ பின்போ வண்டி எங்கு நின்றதோ அதுவே பாலை. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிக் குமிழியிட, பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் திணறும். ஈரத் துணியைப் பம்ப் மேல் சுற்றிவிட்டுப் புளியமர நிழலில் நிற்க வேண்டும். அந்த நிழலில்தான் வண்டியை விற்கும் எண்ணம் முதன்முதலாகத் தோன்றுகிறது.

ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு இவ்விடத்தது. விற்பவர் தம் மேம்பாடுகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறார்: டீசல் எஞ்சின், ஃப்ளோர் கியர், ஆல்டர்னேட்டர், தனி சீட்டு, புதுப் பெயிண்ட். வாங்க வந்தவர் அதே வரிசையில் கேட்கிறார்: "எஞ்சின் மாத்துன வண்டியா? கியர் ஏன் இங்க வந்துச்சு? ஒயரிங் கை வச்சதா? பெயிண்ட் அடிச்சிருக்கே, எங்கயாவது இடிச்சதா?" இரண்டு பட்டியலும் ஒன்றே. விற்பவர் வாயில் மேம்பாடு, வாங்குபவர் காதில் கோளாறு. கருதுகோள் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. 2017இல் பியூஜோ நிறுவனம் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியதும் இங்கு எண்ணத் தக்கது. அந்தக் காரில் யாரும் கைவைக்காத ஒரே பாகம் பெயர்தான்.

9. புறனடை

காரே வாங்காமல் மைலேஜ் மட்டும் விசாரிப்பவர் கைக்கிளைக்கு உரியவர். 1970களின் அம்பாசிடருக்கு அலாய் வீலும் பின்னால் இறக்கையும் ஊதா விளக்கும் மாட்டியவர் பெருந்திணை. இவை விரிவாக ஆராயத் தக்கன அல்ல.

10. எதிர்வாதமும் முடிவும்

புதிய கார் வாங்கிவிட்டால் இக்கருதுகோள் பொய்க்காதா என்று வாய்மொழித் தேர்வில் வினா எழக்கூடும். நியாயமான வினா. இருங்காட்டுக்கோட்டையிலும் பிற ஊர்களிலும் செய்யப்பட்ட பிற்காலக் கார்களில் இன்ஜெக்‌ஷன் வந்தது, சோக் போயிற்று. பம்ப் டாங்குக்குள் மூழ்கியது, ஈரத்துணி போயிற்று. டிஸ்ட்ரிபியூட்டர் போயிற்று, துடைக்க மூடி இல்லை. கோளாறு எங்கே போனது?

கள ஆய்வில் விடை கிடைத்தது. அம்பாசிடர் குலுங்கினால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்பார்கள். தூக்கிப்போட்டால் பட்டா தளர்ந்துவிட்டது என்பார்கள். நேரமானால் ரேடியேட்டர் மேல் பழி விழும். ஓட்டுபவர் அப்போதெல்லாம் வீரர். இத்தனை கோளாறுகளையும் மீறிக் கொண்டுவந்து சேர்த்தவர். புதிய காரில் பழி போட ஒரு பாகமும் மிச்சமில்லை. அது குலுங்கினால் பின்சீட்டிலிருந்து உடனே கேட்கிறது: "பிரேக்கை இப்படியா மிதிப்பீங்க? மெதுவா ஓட்டத் தெரியாதா?"

கோளாறு இம்முறை ஓட்டுநர் இருக்கையில் குடியேறிவிட்டது. அதற்கு வாரன்ட்டி இல்லை. மேம்பாடு செய்யவும் இதுவரை யாராலும் முடியவில்லை.