காலி மாமன்றத்துக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

நாள்: 2025 செப்டம்பர் 10

பெறுநர்: மாண்புமிகு காலி மாமன்றம், மாநகராட்சித் தலைமையகம், என்.ஆர். சதுக்கம், பெங்களூரு.

ஐயா (அல்லது அம்மா, உள்ளே யாருமில்லாததால் இரண்டும் பொருந்தும்),

இன்றோடு ஐந்து வருடம்! 2015 ஆகஸ்டில் நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய 198 கார்ப்பரேட்டர்களின் காலம் 2020 செப்டம்பர் 10-ஆம் தேதி முடிந்ததும் நீங்கள் பொறுப்பேற்றீர்கள். பட்டாசு இல்லை, பிளெக்ஸ் இல்லை. வருடத்துக்கு ஒரு மேயர், கட்சித் தாவல் என்ற தொல்லைகள் ஏதுமின்றி முழு ஐந்தாண்டையும் ஓட்டிவிட்டீர்கள்.

முக்கியமாக உங்கள் பட்ஜெட் நேர்த்தி. இந்த வருடம் சுமார் 19,900 கோடி ரூபாய்க்கு அதிகாரிகளே எழுதி, அதிகாரியே படித்து, அதிகாரியே ஒப்புதலும் கொடுத்தார்கள். வெளிநடப்பு கிடையாது, நடந்து வெளியேற உள்ளே ஆள் இருந்தால்தானே? தீர்மானிப்பவர் வேறு, நிறைவேற்றுபவர் வேறு என்று குடிமையியல் பாடம் எழுதியவர்களுக்கு இந்தச் சிக்கனம் தோன்றவில்லை.

தெருவிளக்கு எரியாவிட்டால் ஊரின் 28 எம்.எல்.ஏ.க்களில் நம்மவர் யார் என்று தேடிப் போகிறோம். சட்டம் இயற்றப் போனவர் சாக்கடை மூடிக்குப் பதில் சொல்கிறார், பாவம். சொத்து வரியை மட்டும் தேடி அலைய வேண்டியதில்லை. ஏப்ரலுக்குள் கட்டினால் 5 சதவீதத் தள்ளுபடி. பிரதிநிதி இல்லாததற்குத் தனித் தள்ளுபடி உண்டா என்று விசாரித்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

உங்கள் ஆயுளுக்காக இரண்டு ஆட்சிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தேர்தலை நடத்தச் சொன்னது. உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடை வாங்கினார்கள். பா.ஜ.க. காலத்தில் வார்டுகள் 243 ஆயின. காங்கிரஸ் வந்து 225 ஆக்கியது. எண்ணி முடிப்பதற்குள், போன வாரம் செப்டம்பர் 2 முதல் ஊரே ஐந்து கார்ப்பரேஷன். மேலே முதலமைச்சர் தலைமையில் கிரேட்டர் பெங்களூரு ஆணையம். ஆக, வார்டு எல்லை மறுபடி முதலிலிருந்து. ஒரு கார்ப்பரேஷனுக்கே கார்ப்பரேட்டர் இல்லாத ஊரில் ஐந்து! இரண்டு கட்சிகளும் ஒருமனதாகக் காப்பாற்றிய ஸ்தாபனம் உங்களைத் தவிர வேறு ஏதாவது உண்டா?

எங்களுக்கும் அவசரமில்லை. அல்சூர் ஏரிக்கரை வள்ளுவரே 18 வருடம் மூடிய துணிக்குள் நின்று, 2009-ல்தான் வெளிச்சம் பார்த்தார்.

ஒரே ஒரு சட்டச் சிக்கல். 1993-ல் அமலுக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் 243-யு பிரிவு, நகராட்சி மன்றத்துக்கு ஐந்தாண்டுதான், அதற்கு மேல் இல்லை என்கிறது. காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்திருக்க வேண்டும். இடையில் கலைத்தால்கூட ஆறு மாதம்தான் கெடு. இருந்த மன்றத்தின் விஷயத்தில் இதை யாரும் பொருட்படுத்தவில்லை, போகட்டும். இல்லாத மன்றத்துக்காவது அமல்படுத்த வேண்டாமா? ஐந்தாண்டு முடிந்துவிட்டதால் தாங்கள் இன்று மாலைக்குள் நாற்காலிகளைக் காலி செய்ய வேண்டும். எப்படிக் காலி செய்வது என்பதை அரசு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளவும்.

மறுபடி நிற்கும் உத்தேசம் இருந்தால் ஐந்து கார்ப்பரேஷனிலும் வேட்புமனு போடுங்கள். பி-ஃபார்ம் கொடுக்க இரண்டு கட்சிகளும் தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
வரி கட்டிய ரசீதுடன் ஒரு வாக்காளர்