லாரியில் ஏறினால் போகலாமா, ஐயா?

அனுப்புநர்:
இரண்டு சக்கரமும் ஒரு ஹெல்மெட்டும் உடைய குடிமகன்,
சர்வீஸ் ரோடு, ஸ்ரீபெரும்புதூர் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு அதிகாரி அவர்கள்,
தடைப் பலகைப் பிரிவு, விரைவுச் சாலை வாசல்.

பொருள்: கோவா செல்லும் மோட்டார் சைக்கிளையும் அதை ஓட்டுபவரையும் சரக்காகக் கருதி அனுமதிக்கக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் பலகை.

மதிப்பிற்குரிய ஐயா,



நவம்பர் நெருங்கினால் எங்கள் கூட்டத்துக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. கோவாவில், வாகத்தோர் குன்றின்மேல், என்ஃபீல்டு புல்லட்காரர்களின் திருவிழா. முன்பு ரைடர் மேனியா என்றார்கள். 2023 முதல் மோட்டோவெர்ஸ் என்கிறார்கள். சென்னையிலிருந்து ஏறத்தாழ 900 கிலோமீட்டர். பைக்கை ரயிலில் பார்சல் போட்டுவிட்டு விமானத்தில் போய் இறங்கி, நுழைவாயிலில் புழுதி படாத ஜாக்கெட்டோடு படம் எடுத்துக்கொள்ளும் ரைடர்களும் உண்டு. அவர்களைக் கேலி செய்துவந்தோம். தங்கள் கொள்கையை எங்களுக்கு முன்பே புரிந்துகொண்ட ஞானிகள் அவர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. நாங்கள் வழி முழுக்க ஓட்டிக்கொண்டே போகிற பழைய ரகம். ஆகவே தங்களை நாட வேண்டியதாயிற்று.

பெங்களூரு – மைசூரு விரைவுச் சாலையின் வாசலில் 2023 ஆகஸ்ட் 1 முதல் யார் யார் நுழையக் கூடாது என்று ஒரு பட்டியல் போட்டீர்கள். மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், ஆட்டோ, டிராக்டர், மாட்டு வண்டி வகையறா, மிகப் பெரிய ஹைட்ராலிக் டிரெய்லர். அந்தப் பட்டியலை முதலில் படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. வேறெந்த அரசு ஆவணத்திலும் மாட்டு வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இப்படியொரு சமத்துவம் கிடைத்ததில்லை.

ஒரே ஒரு சந்தேகம். எங்கள் கூட்டத்தில் ஒருவர் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 பைக் வைத்திருக்கிறார். 452 சிசி, 40 குதிரைத்திறன். 2023-இல் அதன் விலையையே அந்தக் கோவா விழாவில்தான் அறிவித்தார்கள். இன்னொருவர் வீட்டில் ஒரு பழைய நானோ கார் நிற்கிறது. 624 சிசி, 38-ஐத் தாண்டாத குதிரைத்திறன், எவ்வளவு மிதித்தாலும் 105-க்கு மேல் போகாது. நானோ உள்ளே போகலாம், ஹிமாலயன் வெளியே நிற்க வேண்டும். வேகம் போதாது என்று எங்களைத் தடுத்தீர்களா, அதிகம் என்று தடுத்தீர்களா? இரண்டில் எது என்று சொல்லிவிட்டால் அதற்கேற்ப வெட்கப்படவோ பெருமைப்படவோ வசதியாக இருக்கும்.

மைசூரு எங்கள் வழியில் இல்லை, உனக்கென்ன வந்தது என்று தாங்கள் கேட்கலாம். வருகிறேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஹொஸ்கோட்டே வரை 262 கிலோமீட்டருக்குச் சென்னை – பெங்களூரு விரைவுச் சாலை திட்டமிடப்பட்டது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்ற வடிவமைப்பு. அங்கும் இரு சக்கரம் கூடாது. சரி, அந்தச் சாலையின் கிழக்கு முனை எங்கே இருக்கிறது என்று சற்றுத் திரும்பிப் பாருங்கள். பக்கத்திலேயே ஒரகடம். அந்தண்டை வல்லம் வடகால். 1955-இல் சென்னையில் வேரூன்றி, திருவொற்றியூரில் புல்லட் செய்து பழகிய என்ஃபீல்டு கம்பெனி இன்று மோட்டார் சைக்கிள் செய்யும் ஊர்கள் அவை. புத்தம் புது வண்டி தொழிற்சாலை வாசலைத் தாண்டினால் கூப்பிடு தூரத்தில் நாட்டின் அதிநவீனச் சாலை. அதில் அந்த வண்டி போவதற்கு ஒரே வழிதான் உண்டு: கன்டெய்னர் லாரிக்குள், கயிற்றால் கட்டி, படுக்காமல் நின்றபடி. டீலரிடம் போய்ச் சேரும் வரை அது மதிப்புமிக்க சரக்கு. யாராவது காசு கொடுத்து வாங்கி அதன்மேல் உட்கார்ந்த மறுகணம் பொதுமக்களுக்கு ஆபத்து.

இதை யோசித்துத்தான் மேலே கண்ட பொருளில் விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். ஒரு லாரி பிடித்து, வண்டிகளை ஏற்றி, அவற்றின்மேல் நாங்களும் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்துகொள்கிறோம். என்ஜினை அணைத்துவிடுவோம். இன்டிகேட்டர் மட்டும் பழக்க தோஷத்தில் போட நேரலாம், மன்னித்தருள வேண்டும்.

பழைய 48-ஆம் எண் நெடுஞ்சாலை இருக்கிறதே, ராணிப்பேட்டை, ஆம்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று அதில் போக வேண்டியதுதானே? போகிறோம், ஐயா. பெங்களூரு தாண்டியபின் சித்ரதுர்கா பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை என்பதை வண்டி பக்கவாட்டில் தள்ளப்படும்போது தெரிந்துகொள்கிறோம். தாவணகெரேயில் வெண்ணெய் தோசை, பெலகாவியில் ஒரு டீ, சோர்லா காட் இறங்கினால் கோவா. அந்த வழியைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. குறையெல்லாம் சர்வீஸ் ரோட்டைப் பற்றித்தான். புதிதாகப் போடுகிற சாலையெல்லாம் எங்களுக்கு இல்லையென்று ஆகிவிட்டால் மிஞ்சுவது அதுதானே.

விரைவுச் சாலை ஆபத்து, பாதுகாப்பாகப் போங்கள் என்று எங்களை அங்கே அனுப்புகிறீர்கள். பாதுகாப்பின் இலட்சணத்தைக் கேளுங்கள். ஒருவழி என்று எழுதியிருக்கும். எதிரே மூன்று பேர் ஏறிய மொபெட் வரும். மண்டியா பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டர் பின்விளக்கு இல்லாமல் ரோடு அகலத்துக்கும் நிரம்பிப் போகும். வேகத்தடைக்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற பொறியாளர் அமைப்பு ஓர் இலக்கணம் வகுத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு, 25 கிலோமீட்டர் வேகத்தில் வலிக்காமல் ஏறி இறங்கலாம். சர்வீஸ் ரோட்டில் நாங்கள் சந்திப்பவை, யாரோ மிச்சத் தாரை ஓரிடத்தில் கொட்டிவிட்டுச் சாப்பிடப் போனதுபோல் இருக்கின்றன. பெயின்ட் கிடையாது, பலகை கிடையாது. தடை செய்ய அத்தனை பெரிய பலகை எழுதிய கை, தடை இருக்கிறது என்று சொல்ல ஒரு சின்னப் பலகை எழுதாதது ஏன் என்று விளங்கவில்லை.

நன்மையும் உண்டு, மறைக்கக் கூடாது. கோவா விழாவில் மெதுவாக ஓட்டும் போட்டி நடக்கும். காலை ஊன்றாமல் கடைசியாக வந்து சேர்பவர் வெற்றி பெறுவார். எங்கள் ஆட்களுக்கு இதற்கெனத் தனிப் பயிற்சி தேவைப்படுவதில்லை.

சுங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தேசிய நெடுஞ்சாலைகளில் இரு சக்கரத்துக்குக் கட்டணம் இல்லை. காசு கொடுக்காதவனுக்குப் பந்தியில் கடைசி இலை என்பது நியாயம்தான். அதற்காக இலையே போடாமல் இருக்கலாமா? ஒரு சுங்கச்சாவடியில் எங்களுக்கென ஒதுக்கியிருந்த இடதுகோடிச் சந்தில் நுழைந்தோம். ஒரு பக்கம் மஞ்சள் கறுப்பு அடித்த கான்கிரீட் கட்டை, மறுபக்கம் உடைந்த தடுப்பு, நடுவில் முழங்கையளவு மணல், அதன்மேல் யாரோ குடித்துப் போட்ட இளநீர்க் கூடு. முன்னால் போன நண்பரின் வண்டியில் இரு பக்கமும் அலுமினியப் பெட்டி. சந்துக்குள் பாதி போனதும் வலது பெட்டி கட்டையில் மாட்டிக்கொண்டது. முன்னே போகவும் முடியவில்லை, காலை ஊன்ற மணலில் பிடிமானமும் இல்லை. பின்னால் பால் கேன் கட்டிய ஸ்கூட்டர்க்காரர் ஹாரனை விடவேயில்லை. காவலாளி வந்து பார்த்துவிட்டு, "பொட்டிய கழட்டிட்டுப் போங்க சார்" என்றார். கழற்றி, தூக்கிக்கொண்டு போய், மீண்டும் மாட்டினோம். பக்கத்து வரிசைகளில் கார்கள் ஃபாஸ்டேக்கைக் காட்டிவிட்டு நழுவிக்கொண்டிருந்தன. எங்களுக்கும் ஒரு ஃபாஸ்டேக் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்ளுங்கள், ஐயா. தருகிறோம்.

கேலியைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். தாங்கள் சொல்லும் காரணம் பொய்யில்லை. 120-இல் வரும் காருக்கு முன்னால், தோளில் பையை மாட்டிய ஒருவர் 100 சிசி வண்டியில் 45-இல் தடம் மாறினால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் 44.5 விழுக்காட்டினர், அதாவது 74,897 பேர், இரு சக்கரத்தில் போனவர்கள். ஒன்றிய அரசின் அறிக்கை சொல்வது இது. மொத்தச் சாலைகளில் விரைவுச் சாலை ஒரு துளியாக இருக்கும் நாட்டில் இத்தனை பேரும் எங்கே செத்தார்கள்? பெரும்பாலும் சாதாரண ரோட்டில்தான். தாங்கள் எங்களைத் திருப்பி அனுப்பும் அதே ரோட்டில். வாசலில் நிறுத்தியதோடு தங்கள் கடமை முடிந்தது. மீதி எங்கள் தலையெழுத்து.

தங்களுக்குத் துணையாகத் தென்கொரியா இருக்கிறது. அங்கும் விரைவுச் சாலையில் மோட்டார் சைக்கிள் கூடாது. ஜப்பானில் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு விரைவுச் சாலை திறந்திருக்கிறது. தேவைப்பட்டது ஓர் எண், அவ்வளவுதான். மலேசியாவைப் பாருங்கள். கிள்ளானையும் கோலாலம்பூரையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிப் பாதையை 1970-களிலேயே போட்டுவிட்டார்கள். நம் நாட்டில் பதிவான வண்டிகளில் ஏறத்தாழ முக்கால்வாசி இரு சக்கரம். அந்த முக்காலுக்கு ஒதுக்க ஒரு கோடுகூட வரைபடத்தில் இடம்பெறாததை என்னவென்று சொல்வது? நான் சொன்னால் மரியாதையாக இருக்காது.

ஆகவே பெரிய வண்டிகளுக்காவது ஒரு சிசி அளவு வைத்து வாசலைத் திறந்துவிடவும், முடியாதென்றால் புதிய சாலைகளின் ஓரத்தில் எங்களுக்கென ஒரு பாதை போடவும், அதுவும் ஆகாதென்றால் நவம்பருக்குள் சர்வீஸ் ரோட்டு வேகத்தடைகளுக்கு வெள்ளை பெயின்ட்டாவது அடித்துக் கொடுக்கவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பெயின்ட்டுக்கு நிதி ஒதுக்கீடு இல்லையென்றால் டப்பா நாங்களே வாங்கித் தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரு சக்கரக் குடிமகன்.