அப்பமே சொன்ன அண்ணாச்சி

ஒரு புது நோய் ஊருக்குள் நுழையும் முன்பே அதன் நிபுணர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு அவரை யாரும் அனுப்பி வைக்க வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே டீக்கடை பெஞ்சில்தான் இருந்தார். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கென்று ஒரு பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. தெருவில் அண்ணாச்சி என்றால் அவர்தான். எது நடந்தாலும் "நான்தான் அப்பமே சொன்னேம்லா!" என்பதால், அவர் காதில் விழாத தூரத்தில் பெயர் கொஞ்சம் நீளும்.

இந்த இனம் எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. சென்னை அடுக்ககங்களில் குடியிருப்போர் சங்கச் செயலாளராக இருப்பார். பால்காரர் நெற்றியில் வெப்பமானியை நீட்டும்போது முகத்தில் ஒரு இன்ஸ்பெக்டர் களை தெரியும். குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் பெரியப்பாவாக இருப்பார். ஆனால் நேரில், கையில் டீ கிளாசோடு பார்த்தால்தான் அந்தக் கலையின் முழு வீச்சும் புரியும்.

2020 ஜனவரி. சீனாவில் வூஹான் என்று ஓர் ஊர் இருப்பதே எங்களில் பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரியும். அண்ணாச்சிக்கு அந்த ஊர் மீன் சந்தையின் சந்துபொந்து வரை தெரிந்திருந்தது. "வௌவால சூப் வச்சுக் குடிக்கான் வே. வராம என்ன செய்யும்?" என்று கைபேசியை நீட்டினார். ஒரு பெண் வௌவாலைக் கடித்துச் சாப்பிடும் காணொலி. அது 2016-இல் பலாவு என்ற பசிபிக் தீவில் ஒரு பயண நிகழ்ச்சிக்காக எடுத்தது, வூஹானுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று பிறகு தெரிந்தது. அதை அவரிடம் சொன்னேன். "தீவுலயும் அதே கதைதானா? அப்ப நிலைமை நான் நினைச்சத விட மோசம்" என்றார்.

இவரை மடக்க முடியாது. அதற்குக் காரணம் உண்டு. காலையில் பால் வாங்கப் போகும்போது எதிர்ப்படுகிறவரிடம் "இங்க கண்டிப்பா வரும் பாரும்" என்பார். சாயங்காலம் பெஞ்சில் "நம்ம வெயிலுக்கு அதெல்லாம் வராது" என்பார். பிறகு எது நடந்தாலும் அவருக்கு ஒரு சாட்சி கிடைத்துவிடும்.

ஜனவரி 30 அன்று இந்தியாவின் முதல் நோயாளி கேரளத்தில் கண்டறியப்பட்டார். வூஹானில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்து, திருச்சூருக்குத் திரும்பிய மாணவி. அதே நாளில்தான் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச அவசரநிலையை அறிவித்தது. "பாத்தியளா? திருச்சூருன்னு சொல்லல, ஒத்துக்கிடுதேன். கேரளான்னு சொன்னேம்லா?" என்றார் அண்ணாச்சி. அவர் சொன்ன ஞாபகம் யாருக்கும் இல்லை. சொல்லவில்லை என்று அடித்துச் சொல்லும் அளவுக்கும் யாருக்கும் ஞாபகம் இல்லை.

கேரளம் பக்கத்து வீடு. கொஞ்சம் கிலி பிடித்தது. அண்ணாச்சி பெஞ்சில் காலை மடக்கிப் போட்டுக்கொண்டு மேற்கே கையைக் காட்டினார்.

"மலை நிக்குதுல்லா? தென்மேற்குப் பருவமழையையே இந்தப் பக்கம் விடாத மலை. வைரஸ விட்டுருமா?"

"குத்தாலத்துல சாரல் வருதே அண்ணாச்சி?" என்றார் டீ மாஸ்டர், ஆற்றுவதை நிறுத்தாமல்.

"சாரல்தாம் வே வரும். மழை வராதுல்லா."

அந்தப் பதிலோடு கூட்டம் நிம்மதியாகக் கலைந்தது. கேரளத்தின் முதல் மூன்று பேரும் பிப்ரவரியில் குணமாகி வீடு போனதும் மலையின் மதிப்பு இன்னும் ஏறியது.

அவர் எதையும் தன் சொந்தக் கருத்தாகச் சொல்ல மாட்டார், அவ்வளவு அடக்கம். எல்லாவற்றுக்கும் ஆதாரம் வைத்திருப்பார், நோய் ஏற ஏற ஆதாரங்களுக்கும் பதவி உயர்வு கிடைக்கும். ஜனவரியில் "பேப்பர்ல போட்டிருக்கான்". பிப்ரவரியில் "ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில நமக்கு வேண்டிய டாக்டர் ஒருத்தர் சொல்லுதாரு". மார்ச் நடுவில் நேராக நாசாவுக்கே போய்விட்டார். விண்வெளிக்காரர்களுக்கு இருமலில் என்ன வேலை என்று எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கோழி விஷயத்தில்தான் அண்ணாச்சியின் விஞ்ஞானம் எப்படி வேலை செய்கிறது என்பதை மிக அருகில் பார்த்தேன். கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்று பிப்ரவரியில் ஒரு வதந்தி கிளம்பியது. அரசும் கால்நடை மருத்துவர்களும் இல்லை இல்லை என்று சொல்லிப் பார்த்தார்கள். கேட்பாரில்லை. நாமக்கல் பண்ணைக்காரர்கள் முட்டையையும் கோழியையும் வந்த விலைக்குத் தள்ளினார்கள். அண்ணாச்சி பிராய்லர் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. "ஊசி போட்டு வளத்த கோழி வே. அதுக்கே எதிர்ப்பு சக்தி கிடையாது, உமக்கு எங்கேருந்து குடுக்கும்?" இரண்டு ஞாயிறு ஆட்டுக்கறி எடுத்தார். ஆட்டுக்கறி விலை ஏறிக்கொண்டே போனது. மூன்றாம் ஞாயிறு பிராய்லர் கடை வாசலில், தெருவில் வேறு யாருமில்லாத நேரத்தில், இரண்டு கிலோ பையோடு என்னிடம் மாட்டிக்கொண்டார். ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு பையை உயர்த்திப் பிடித்துச் சொன்னார்: "நல்லா கொதிக்க வச்சா வைரஸ் தாங்காது. ஆராய்ச்சியில சொல்லுதான்." விலை பாதியானதும் ஆராய்ச்சி முடிவு மாறிவிட்டது. ஆனால் அந்த ஒரு நாள் அவர் சொன்னது சரி.

மார்ச் 7-ஆம் தேதி தமிழ்நாட்டின் முதல் நோயாளி உறுதியானார்: ஓமனிலிருந்து காஞ்சிபுரம் திரும்பியவர். 11-ஆம் தேதி உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தார்கள். மருந்துக்கடைகளில் முகக்கவசம் மாயமானது. அண்ணாச்சி கடைக்காரரிடம் நடத்திய வழக்கு எங்கள் தெரு வரலாற்றில் இடம்பெற வேண்டியது. என்95 முகக்கவசத்துக்கு அவர் முந்நூறு கேட்க, "பேருலயே வெலையப் போட்டிருக்கான். தொண்ணூத்தஞ்சுக்கு மேல எப்படிக் கேப்பீரு?" என்று மடக்கினார் இவர். அந்த எண் தூசியில் எவ்வளவு சதவீதத்தை வடிகட்டும் என்பதன் கணக்கு என்று கடைக்காரர் விளக்கினார். "அப்ப மிச்சம் அஞ்சு சதவீதம் உள்ள வருதுல்லா? அதுக்குத் தள்ளுபடி குடும்." 21-ஆம் தேதி மத்திய அரசு மூன்றடுக்கு முகக்கவசத்துக்குப் பத்து ரூபாய் என்று உச்சவரம்பு வைத்ததும் அந்தச் செய்தித்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். கடைக்காரர் விலையை மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார். சரக்குதான் இல்லை.

கடைசியில் மதினி பழைய வேட்டித் துண்டில் ஒன்று தைத்துக் கொடுத்தார். அது பெரும்பாலும் தாடையைக் காத்தது. பேசும்போது கீழே இறங்கும், குரல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதால். இருமும்போதும் இறங்கும், துணி அழுக்காகிவிடும் என்பதால். வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கும்போதுதான் மூக்குவரை ஏறும். ஆனால் அப்படி ஒரு வேளை அவர் வாழ்க்கையில் குறைவு.

யாரைக் கூப்பிட்டாலும் முதலில் இருமல் சத்தம் கேட்கும்படி கைபேசியில் விழிப்புணர்வு வாசகம் வைத்ததும் அந்த மாதம்தான். "கடைக்குப் போனவரு இப்படி இருமுதாரே" என்று மதினி முதல் நாள் பதறிப்போய்த் தெருமுனைக்கே ஓடி வந்துவிட்டார்.

மார்ச் 22, ஞாயிறு, மக்கள் ஊரடங்கு. காலை 7 முதல் இரவு 9 வரை. அண்ணாச்சி முந்தின நாளே கணக்குப் போட்டு முடித்திருந்தார். வைரஸுக்கு வெளியே ஆயுள் பன்னிரண்டு மணி நேரம். ஊரடங்கு பதினாலு மணி நேரம். "ரெண்டு மணி நேரம் மிச்சம் வே. திங்கக்கெழம காலையில வைரஸே இருக்காது." இந்தக் கணக்கை நாடு முழுக்க எத்தனையோ அண்ணாச்சிகள் ஒரே நேரத்தில் போட்டிருந்தார்கள். தமிழக அரசு ஊரடங்கைத் திங்கள் காலை ஐந்து மணிவரை நீட்டியபோது, தன் கணக்கைச் சரிபார்த்துத்தான் நீட்டியிருக்கிறார்கள் என்றார். மாலை 5 மணிக்குக் கைதட்டச் சொன்னார்கள். மதினி எவர்சில்வர் தட்டோடு வர, வேண்டாம் என்று உள்ளே போய்ப் பூசைக்கு வைத்திருந்த வெண்கலத் தாம்பாளத்தை எடுத்து வந்தார். எவர்சில்வரில் அதிர்வு பத்தாதாம். மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றி சொல்லத்தான் அந்தச் சத்தம் என்பது தெருவில் நாலைந்து பேருக்கு மட்டும் நினைவிருந்தது. அண்ணாச்சி அடித்த அடியில் தாம்பாளம் ஓர் ஓரத்தில் விரிந்தது. மதினி அதற்கு இன்னும் அவரை மன்னிக்கவில்லை.

இவ்வளவுக்கும் ஏன் அவரைச் சுற்றிக் கூட்டம் குறையவில்லை? எனக்குத் தெரிந்து ஒரே காரணம்தான். அந்த மார்ச்சில் உண்மையான மருத்துவர்கள் எதைக் கேட்டாலும் "இன்னும் உறுதியாகத் தெரியவில்லை" என்றார்கள். நேர்மையான பதில்தான். ஆனால் பயந்தவனுக்கு அதை வைத்துக்கொண்டு ராத்திரி தூங்க முடியாது. அண்ணாச்சிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவர் சொன்னது தப்பு என்று தெரிந்தவர்களும் அவர் சொன்ன அழுத்தத்தில் ஒரு டீ கூடுதலாகக் குடித்துவிட்டுப் போனார்கள், நானும்தான்.

அவர் சொன்னதில் முழுக்கச் சரியானது ஒன்று உண்டு. இந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்பில் ஓர் உறை இருக்கிறது, சோப்பு அதைக் கரைத்துவிடும், அதனால்தான் இருபது விநாடி தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். "எண்ண தேச்சுக் குளிச்சா பிசுக்கு போக சோப்புப் போடுதம்லா, அதே கததான்" என்று ஒரே வரியில் சொன்னார். பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதில் மர்மம் ஒன்றும் இல்லாததால் யாரும் அதை ஃபார்வர்டு செய்யவில்லை.

24-ஆம் தேதி மாலை 144 தடை. நள்ளிரவு கடந்ததும் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. 25 அதிகாலை மதுரை அரசு மருத்துவமனையில் தமிழ்நாட்டின் முதல் உயிர் போனது. அன்று முழுக்க அண்ணாச்சி தெரு வாட்ஸ்அப் குழுவில் எதுவும் போடவில்லை. மறுநாள் பழையபடி ஆரம்பித்துவிட்டார். அப்போதைய சுகாதாரத் துறைச் செயலர் பீலா ராஜேஷ் செய்தியாளர்களிடம் அன்றைய எண்ணிக்கையைச் சொல்லும் நேரம் அண்ணாச்சிக்குச் சந்தியா காலம். கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது மாதிரி எதிர்வீட்டு மாடியிலிருந்து "இன்னிக்கி எத்தன?" என்று குரல் வரும், மாவட்ட வாரியாகப் பதில் போகும்.

டீக்கடை பெஞ்சை இழந்த அண்ணாச்சி வீட்டுத் திண்ணைக்கு இடம் மாறினார். கேட்டைத் தாண்டி மஞ்சள் தண்ணீர், நிலையில் வேப்பங்குலை. அந்தக் காலத்தில் அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால் வேற்றாள் யாரும் படியேற மாட்டார்கள். தனிமைப்படுத்தலை நம் ஆச்சிமார்கள் சட்டம் போடாமலே நடத்தியிருக்கிறார்கள். இப்போது நோயே வராத வீட்டிலெல்லாம் குலை தொங்கியதால் எந்த வீட்டுக்குள் போகலாம் என்றே தெரியாமல் போனது.

மாத முடிவில் மாநகராட்சியிலிருந்து ஒரு பெண் நோட்டும் கையுமாக வந்தாள். வெளியூர், வெளிநாட்டிலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்ற கணக்கெடுப்பு. அண்ணாச்சியைப் பார்த்ததும் நின்றாள். அவர் ஆரம்பித்தார். மூணாம் நம்பர் வீட்டுப் பையன், சென்னையிலிருந்து, சனிக்கிழமை, பைக்கில். ஏழாம் நம்பர் வீட்டு மருமகள், கோயம்புத்தூர், கடைசி பஸ், கூடவே ஒரு பூனை. நடுவீட்டுக்காரர் போன மாதம் எர்ணாகுளம் போய்விட்டு மதுரைக்குப் போனதாகச் சொல்லிக்கொள்கிறார். அந்தப் பெண்ணின் பேனா அவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறியது. நாற்பது வருஷமாக நாங்கள் வம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தது, சுகாதாரத் துறைக்குப் பொன்னான தகவல் என்று அன்றுதான் தெரிந்தது.

எழுதி முடித்து நிமிர்ந்தாள். "ஒங்க வீட்ல யாரும் வந்திருக்காங்களாய்யா?"

"நம்ம வீட்லயா? யாரும் இல்லம்மா."

அவள் முந்தின பக்கத்தைப் புரட்டினாள். "துபாய்லருந்து திருவனந்தபுரம் வந்து, கேரளா வண்டியில…"

அந்த வண்டி வந்தது, வெளிநாட்டு விமானங்கள் மார்ச் 22-ஓடு நிற்கப்போகின்றன என்ற அறிவிப்பு வந்த வாரம். மலை தடுக்கத்தான் செய்கிறது. ஆனால் ஆரல்வாய்மொழியில் அதற்கு ஒரு கணவாய் இருக்கிறது, அதன் வழியே காற்றும் வரும், வாடகைக் காரும் வரும்.

"அவனா?" என்றார் அண்ணாச்சி. "அவன் வெளிநாட்டுக்காரன் இல்லம்மா. எம் மவன்."

சாயங்காலம் கதவில் ஸ்டிக்கர் ஏறியது. தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே நுழையாதே. ஒட்டியவர் போனதும் நிலையில் இருந்த வேப்பங்குலை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி ஸ்டிக்கரை மூடிக்கொண்டது. தெருவில் தலைகள் எட்டிப் பார்த்தன. "கமலஹாசன் வீட்லயே ஒட்டிருக்கான் வே!" என்றார் திண்ணையிலிருந்து. அது உண்மைதான். சில நாள் முன்பு ஆழ்வார்பேட்டையில் ஒட்டினார்கள். தவறுதலாக ஒட்டிவிட்டோம் என்று கிழித்ததையும் எல்லோரும் படித்திருந்தோம். "நாந்தாம் கூப்பிட்டு ஒட்டச் சொன்னேன். தெருவுக்கு ஒருத்தன் முன்மாதிரியா இருக்கணும்லா?"

எதிர்வீட்டு ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. காது மந்தம். கண் மந்தமில்லை.

"ஏய்யா, வேப்பல இவ்ளோ கட்டியிருக்கே. அம்மையா?"

"அம்ம இல்ல ஆச்சி! கொரோனா! அதுவும் வரல! வந்துரக் கூடாதுன்னு நானே சொல்லி…"

"அந்தப் பிள்ளகிட்டயா? நீ எங்க சொன்ன?" என்றார் ஆச்சி, தெருமுழுக்கக் கேட்கும் குரலில். "ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டிய விட்டு எறங்கும்போது பாத்தேன். பாவம், வயசாயிட்டு, மறந்திருப்பேன்னுதான் நான் சொல்லிவிட்டேன்."